பெர்த்தா பென்ஸ் அம்மையாரும் பிரேக் கட்டையும்

தேரோட்டம் காணச் செல்வோரின் கண்கள் தேரின் உச்சியையோ வடம் பிடிப்போரின் தோள்களையோதான் பெரும்பாலும் நாடும். சக்கரத்தின் அருகே மரக்கட்டையைக் கையில் ஏந்தியபடி கூடவே நடக்கின்றவர்களை எவரும் உற்று நோக்குவதில்லை. தேர் வழி பிறழும்போதும் சரிவில் விரைவு மிகும்போதும் அவர்கள் இடும் கட்டைதான் அதனைத் திருப்புகிறது, நிறுத்துகிறது. அக்கட்டைக்கு முட்டுக்கட்டை என்று பெயர். கூட்டத்தின் உயிரைக் காக்கும் அக்கட்டையின் பெயரை, நல்ல காரியங்களைக் கெடுப்போரின் செயலுக்கு நாம் சூட்டிவிட்டோம். மொழியும் சில வேளைகளில் நன்றி மறப்பதுண்டு போலும்.

மோட்டார் வாகனத்தின் வரலாற்றிலும் இதே நிலைதான். வண்டியை ஓடவைத்தவர்களின் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். நிற்கவைத்தவர்களை அறிந்தோர் சிலரே. அவர்களுள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஒரு பெண்மணி. பொறியியல் பட்டம் பெறாதவர். பட்டம் பெற அவர் காலத்துச் சட்டம் இடம் தராதவர். அவர்தாம் பெர்த்தா பென்ஸ் அம்மையார்.

ஜெர்மானிய நாட்டின் பாடன் பகுதியில் போர்ட்ஸ்ஹைம் என்னும் ஊரில் 1849ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் பெர்த்தா பிறந்தார். தந்தையார் ரிங்கர், தச்சுத் தொழிலாலும் கட்டடத் தொழிலாலும் வளம் பெற்றவர். பிள்ளைகளின் பிறப்பைக் குடும்பத்தின் வேத நூலில் குறித்து வைப்பது அந்நாட்டு வழக்கம். பெர்த்தா பிறந்தபோது, மீண்டும் ஒரு பெண்ணாகப் போயிற்றே என்ற வருத்தம் தோன்ற ஒரு குறிப்பு அதில் எழுதப்பட்டதாகவும், வளர்ந்த பின் அச்சிறுமி அதனைத் தாமே படித்துவிட்டதாகவும் கூறுவர். நம் ஊர்களில் ஏட்டில் எழுதுவதில்லை, முகத்தில் எழுதிவிடுகிறோம்.

பெண்கள் பள்ளியில் பயின்ற பெர்த்தாவுக்கு இயற்கை அறிவியலில் பேரார்வம் இருந்தது. ஆயினும் அக்கால ஜெர்மனியில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் அடைத்தே கிடந்தன. ஜெர்மானிய மாநிலங்களுள் முதன்முதலாக அக்கதவைத் திறந்தது பாடன்தான். அதுவும் 1900ஆம் ஆண்டில். அப்போது பெர்த்தாவுக்கு வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

1869ஆம் ஆண்டில் ஓர் உல்லாசப் பயணத்தின்போது கார்ல் பென்ஸ் என்னும் இளம் பொறியாளரை அவர் சந்தித்தார். குதிரையில்லாமல் ஓடும் வண்டியைப் பற்றிக் கனவு கண்டுகொண்டிருந்த அவரிடம் திறமை இருந்தது, பொருள் இல்லை. 1871ஆம் ஆண்டில் மான்ஹைம் நகரில் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து பட்டறை ஒன்றை அவர் தொடங்கினார். கூட்டாளி நம்பிக்கைக்குரியவராக அமையவில்லை. பட்டறை கைநழுவும் நிலை வந்தது. அப்போது பெர்த்தா, திருமணத்திற்கு முன்பாகவே தம் சீதனப் பொருளைப் பெற்றுக் கொடுத்துக் கூட்டாளியின் பங்கை வாங்கச் செய்தார். சீதனம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவன் நான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கிய பணமன்று இது. ஒரு பெண் தன் அறிவால் ஆய்ந்து, தன் விருப்பத்தால் ஒரு தொழிலில் இட்ட முதல். 1872ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் திருமணம் நடைபெற்றது. அதன்பின் அந்நாட்டுச் சட்டப்படி, தாம் முதலிட்ட தொழிலிலேயே அவருக்கு உரிமையில்லாமற் போயிற்று.

அடுத்து வந்த ஆண்டுகள் வறுமையின் ஆண்டுகள். யூஜின், ரிச்சர்டு, கிளாரா என்று பிள்ளைகள் பிறந்தனர். பட்டறையில் வருவாய் பிறக்கவில்லை. 1879ஆம் ஆண்டின் கடைசி நாள் இரவில், பலநாள் முயன்றும் ஓடாதிருந்த எஞ்சினை மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று கணவரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்றவர் பெர்த்தாவே. அன்றிரவு அது ஓடிற்று. 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், எண்ணெய் எஞ்சினால் இயங்கும் மூன்று சக்கர வண்டிக்கு, 37435 என்ற எண்ணுள்ள காப்புரிமையைக் கார்ல் பென்ஸ் கோரிப் பெற்றார். அவ்வாண்டு ஜூலையில் வண்டி மான்ஹைம் தெருக்களில் ஓடியது. மக்கள் வேடிக்கை பார்த்தனர். வாங்க எவரும் முன்வரவில்லை. கார்ல் பென்ஸ் எதையும் மேலும் மேலும் திருத்திக்கொண்டே இருக்கும் இயல்பினர், விற்கத் தெரியாதவர். வண்டி பட்டறைக்கு அருகிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் உலகம் அதனை விளையாட்டுப் பொருளாகவே எண்ணும் என்பதை அம்மையார் உணர்ந்தார்.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பள்ளி விடுமுறைக் காலத்தில், ஒருநாள் விடியற்காலையில் பதினைந்து வயது யூஜினையும் பதின்மூன்று வயது ரிச்சர்டையும் எழுப்பி, மூன்றாம் மாதிரி வண்டியைப் பட்டறையிலிருந்து ஓசைபடாமல் வெளியே தள்ளிச் சென்று, சற்றுத் தொலைவிற்குப் பின்னரே எஞ்சினை இயக்கினார். கணவருக்குத் தெரியாது. தாய்வீட்டுக்குச் செல்கிறோம் என்பதே சொல்லப்பட்ட காரணம். மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்குச் சற்றேறக்குறைய 105 கிலோமீட்டர். அதுவரை மோட்டார் வண்டி எதுவும் அத்தகைய நெடுந்தொலைவு சென்றதில்லை. சாலைகள் குதிரை வண்டிகளுக்காக அமைந்தவை. வழிகாட்டும் பலகை இல்லை. எண்ணெய் நிலையம் இல்லை. பழுது பார்ப்பார் இல்லை.

அந்த ஒருநாள் பயணத்தில் அவர் செய்தவற்றை எண்ணினால் வியப்பே மேலிடுகிறது. வண்டிக்கு வேண்டிய எரிபொருள் லிக்ராயின் என்னும் மெல்லிய பெட்ரோலிய எண்ணெய். கறை நீக்குவதற்காக மருந்துக் கடைகளில் விற்கப்பட்ட பொருள் அது. வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் அதனை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அக்கடையை இன்று சுட்டுகின்றனர். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் நீண்ட ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது காலுறைப் பட்டையைக் கொண்டு சுற்றினார். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்தது. கண்ட இடத்திலெல்லாம் நீர் மொண்டு ஊற்றினர். நீண்டு தளர்ந்த சங்கிலியைப் புருக்சால் ஊரில் கொல்லர் ஒருவர் சரிசெய்தார். ஏற்றங்களில் எஞ்சினுக்கு ஆற்றல் போதவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளினர்.

ஏற்றத்தில் தள்ளிக்கொள்ளலாம். இறக்கத்தில் என்ன செய்வது? நம் கட்டுரையின் பொருள் இங்கேதான் தொடங்குகிறது. அவ்வண்டியில் பக்கவாட்டிலிருந்த கைப்பிடியை இழுத்தால் மரக்கட்டை சென்று அழுந்தி ஓட்டத்தைத் தடுக்கும். மான்ஹைமின் சமதரைத் தெருக்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மலைச்சரிவுகளில் இறங்க இறங்கக் கட்டை சூடேறித் தேய்ந்தது, பிடிப்புக் குறைந்தது. சிறுவர் இருவரை ஏற்றிக்கொண்டு, நிற்குமோ நில்லாதோ என்ற வண்டியில் மேலும் செல்லத் துணிவதா என்ற கேள்வி அத்தாயின் முன் நின்றது. பவ்ஷ்லாட் என்னும் சிற்றூரில் வண்டியை நிறுத்தி, செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரைத் தேடிப் பிடித்து, தேய்ந்த கட்டையின் முகத்தில் தோலை வைத்து ஆணி அடிக்கச் செய்தார். வண்டி நின்றது, பயணம் நிற்கவில்லை. அந்தி மயங்கும் வேளையில் போர்ட்ஸ்ஹைம் சேர்ந்து கணவருக்குத் தந்தி அனுப்பினார்.

நம் பட்டறைகளில் பிரேக் லைனிங் என்று வழங்கும் பொருளின் முன்னோடி அந்தத் தோல்துண்டுதான். வேறெந்தக் கருவியையும் விட இதனை நான் பெரிதாகப் போற்றுவதற்குக் காரணம் உண்டு. தேயக்கூடியது தேயத்தான் செய்யும்; தேய்வதை எளிதில் மாற்றக்கூடிய தனி உறுப்பாக அமைத்துவிட்டால் கட்டையும் காக்கப்படும், வண்டியும் காக்கப்படும் என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. பத்தாண்டுகளுக்குள் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதே வழியில் சிந்தித்தார். டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய காலணிகளைத் தடுப்புக் கட்டைகளில் பொருத்தியிருந்ததைக் கண்டு அவருக்கு அவ்வெண்ணம் பிறந்தது என்பர். 1897ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய முயற்சியே ஃபெரோடோ என்னும் பெயரோடு உலகெங்கும் பரவிய லைனிங் தொழிலாயிற்று. 1908ஆம் ஆண்டளவில் அவர் கல்நாரைச் சேர்த்தார். வெப்பம் தாங்கும் அந்தக் கல்நாரின் தூசு நுரையீரலைக் கெடுப்பது என்று பின்னர்த் தெளிவாகப் புலப்பட, பல நாடுகள் அதனை விலக்கின. பழைய வண்டிகளின் டிரம்மைத் திறந்து, உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதும் பழக்கம் நம் பட்டறைச் சிறுவர்களிடம் உண்டு. அதனை எவரேனும் தடுத்துச் சொல்லல் வேண்டும்.

பிரேக் என்பது செய்யும் வேலை யாது? ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வினால் வெப்பமாக மாற்றிக் காற்றில் கலக்கவிடுவதே அது. 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 2 இலட்சம் ஜூல். அரை லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அவ்வெப்பம் போதும். காலால் ஒருமுறை மிதித்து வண்டியை நிறுத்தும் சில நொடிகளில் அவ்வளவு வெப்பத்தையும் அந்தச் சிறு உறுப்புகள் தாங்குகின்றன. வேகம் பாதியாக, மணிக்கு 36 கிலோமீட்டராக இருந்தால் ஆற்றல் பாதியாகாது. நான்கில் ஒரு பங்காகும். இதனைத் திருப்பிச் சொன்னால், வேகத்தை இருமடங்காக்குகின்ற இளைஞன் தன் பிரேக்கின் மீது நான்கு மடங்கு சுமையை ஏற்றுகிறான். இயற்பியல் பேராசிரியர்கள் ஆண்டுதோறும் இதனை வகுப்பில் கற்பிக்கின்றனர். தேர்வில் விடையும் சரியாகவே எழுதப்படுகிறது.

அம்மையாரின் தோல்கட்டைக்குப் பிறகு வளர்ச்சி விரைந்தது. 1902ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லூயி ரெனோ, சுழலும் உருளைக்குள் இரு கட்டைகள் விரிந்து அழுத்தும் டிரம் பிரேக்கை அமைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் லாஞ்செஸ்டர், சுழலும் வட்டத்தை இருபுறமும் இறுகப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட், கம்பிகளுக்கு மாற்றாகக் குழாயில் அடைத்த திரவத்தின் வழியே அழுத்தத்தைச் செலுத்தும் முறையை உருவாக்கினார். 1921ஆம் ஆண்டில் வெளிவந்த டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் அம்முறையைக் கொண்டிருந்தது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதியே இதன் அடிப்படை. சிறிய உருளையில் காலின் அழுத்தம். சக்கரத்தருகே பெரிய உருளையில் பன்மடங்கு விசை.

இந்தத் திரவத்தைத்தான் பிரேக் ஆயில் என்கிறோம். உண்மையில் அது எண்ணெயன்று. பெரும்பாலான கார்களில் பயன்படும் வகை கிளைக்கால் சார்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சுவது. டாட் 4 என்று குறிக்கப்படும் வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்டால் 155 பாகை தாங்கினாலே போதும் என்ற அளவுக்கு அதன் ஆற்றல் தாழ்ந்துவிடுகிறது. மலைச்சரிவில் தொடர்ந்து மிதிக்கும்போது வெப்பம் அந்த எல்லையை எட்டினால் திரவம் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த கால் தரைவரை செல்லும். சக்கரத்திற்கு விசை செல்லாது.

இதனை ஏட்டில் படித்து மட்டும் நான் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு மலையூர் ஒன்றுக்குச் சென்று வாடகை வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தனர். ஏழெட்டு வளைவுகள் இறங்கியதும் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. ஓட்டுநர் திடீரெனக் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை மலைப்பக்கத்துச் சாக்கடையில் உரசவிட்டு நிறுத்தினார். அவருடைய கை நடுங்கியதைப் பார்த்தபோதுதான் எங்களுக்குச் செய்தி விளங்கியது. மறுநாள் பட்டறையில் திறந்து பார்த்தபோது லைனிங் ஒட்டத் தேய்ந்திருந்தது. பிரேக் ஆயில் கருத்த டிகாஷனைப் போலிருந்தது. மூன்றாண்டுகளாக மாற்றவில்லையாம். வண்டியின் முகப்பில் மட்டும் புதிய வண்ண விளக்குகள் பளிச்சிட்டன. அன்று உடன் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களுடைய பெற்றோருக்கு நான் விடை சொல்ல வேண்டிய நிலை வராமற் போனது இறைவன் அருள்.

என் அத்தா லாரி ஓட்டியவர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. இறக்கத்தின் விரைவை எஞ்சினே தடுத்துக்கொள்ளட்டும், பிரேக்கைத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்பது அதன் பொருள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சக்கரத்தின் அருகே உள்ளங்கையை நீட்டி வெப்பம் பார்ப்பார். சிறுவயதில் அதனை ஒரு சடங்கு என்றே நான் நினைத்திருந்தேன். உப்பு வணிகர்கள் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் வழியில் என்ன நேருமோ என்றெண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்குகிறார். அப்பாடலை நடத்தும்போதெல்லாம் எனக்கு அத்தாவின் உள்ளங்கைதான் நினைவுக்கு வரும்.

வண்டி வைத்திருப்போர் செய்ய வேண்டியது அதிகமில்லை. லைனிங்கும் பேடும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டராகத் தேய்வதற்குள் மாற்றிவிடுதல் வேண்டும். கீச்சென்ற ஒலி கேட்டால் அது பெரும்பாலும் தேய்மானத்தை உணர்த்தத் தயாரிப்பாளரே வைத்த தகட்டின் குரல். வானொலியின் ஒலியைக் கூட்டி அதனை மறைத்தல் அறிவுடைமையாகாது. பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுமாறு பல தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். ஆயில் அளவு குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. ஒன்று கசிவு இருக்கும், அல்லது பேடு தேய்ந்திருக்கும். மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்றோ ஆவியோ புகுந்துள்ளது. அவ்வண்டியை அப்போதே நிறுத்திவிட வேண்டும். திருமணத்திற்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்பார் உளர்.

இனி அம்மையாரின் வரலாற்றுக்கு மீள்வோம். சில நாட்கள் தாய்வீட்டில் தங்கிய பின் அதே வண்டியில் வேறு வழியாக மான்ஹைம் திரும்பினார். வந்தவர் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டு இருக்கவில்லை. குறைகளைக் கணவரிடம் எடுத்துரைத்தார். ஏற்றத்தில் உதவ இன்னொரு கியர் வேண்டும் என்றார், அது சேர்க்கப்பட்டது. பிரேக்கில் தோல் பொருத்துவதும் நிலைத்தது. ஒரு பொருளைச் செய்தவருக்கு அதன் குறை தெரிவதில்லை. அதனோடு வழியில் திண்டாடியவருக்குத் தெரிகிறது. கார்ல் பென்ஸ் அதனைக் கேட்டுக்கொண்டார் என்பதும் குறிக்கத்தக்கது. மனைவி சொன்ன திருத்தத்தை மறுக்காமல் ஏற்ற அந்தப் பண்பினை அவருடைய காப்புரிமைக்குச் சற்றும் குறைவாக நான் மதிப்பிடேன்.

அவ்வாண்டு செப்டம்பரில் மியூனிக் பொருட்காட்சியில் வண்டி தங்கப் பதக்கம் பெற்றது. படிப்படியாக வாங்குவோர் பெருகினர். 1899ஆம் ஆண்டில் 572 வண்டிகளைச் செய்து, உலகின் மிகப் பெரிய மோட்டார் வாகன நிறுவனமாகப் பென்ஸ் நிறுவனம் விளங்கியது. 1903ஆம் ஆண்டில் கருத்து வேறுபாட்டால் கார்ல் பென்ஸ் நிறுவனத்தின் பணியிலிருந்து விலகினார். குடும்பம் லாடன்பர்க் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. அன்று வண்டி தள்ளிய பிள்ளைகள் இருவரும் அங்குத் தந்தையோடு சேர்ந்து தொழில் நடத்தினர். 1925ஆம் ஆண்டில் வெளியான தம் வாழ்க்கை நினைவுகளில், தாம் மூழ்கும் நிலையிலிருந்தபோது தம்முடன் படகில் நின்றவர் ஒருவரே என்றும் அவர் தம் மனைவியே என்றும் பொருள்பட அவர் எழுதினார். 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் அவர் மறைந்தார்.

பெர்த்தா அம்மையார் அதன்பின்னும் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1944ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், உலகப்போர் மூண்டெரிந்த காலத்தில், அவருடைய 95ஆம் பிறந்தநாளன்று, கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு ஆட்சிமன்ற உறுப்பினர் என்னும் சிறப்பினை வழங்கியது. அவருடைய கணவர் பயின்ற கல்விக்கூடம் அது. இளமையில் அவர் நுழைந்திருக்க முடியாத இடமும் அதுவே. இரண்டு நாள் கழித்து, மே 5ஆம் நாள், லாடன்பர்க் இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் சென்று திரும்பிய வழி 194 கிலோமீட்டர் நீளமுள்ள பெர்த்தா பென்ஸ் நினைவு வழியாக 2008ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவிலுள்ள மோட்டார் வாகனப் புகழ் மன்றத்தில் கார்ல் பென்ஸின் பெயர் 1984ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. பெர்த்தா அம்மையாரின் பெயர் 2016ஆம் ஆண்டில் சேர்ந்தது.